துணைக்குப் போன அத்தான்

அத்தியாயம் 11

லூர்த்தம்மாவின் கையில் போட்ட மூன்று தையலையும் போன வெள்ளிக்கிழமை வெட்டிவிட்டார்கள். காயம் ஆறி வருகிறது. அது எப்படி வந்தது என்று மட்டும் யாழ்ப்பாணம் குருநகரில் இருக்கும் அந்த வீட்டில் ஒருவரும் கதைப்பதில்லை.

கிழமை தவறாமல் வாசிப்பவர்களுக்குத் தெரியும். இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். லூர்த்தம்மாவின் மகன் ஜெரிசனுக்கு இருபத்திரண்டு வயது. போன் திருத்தும் கடையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, மூன்று மாதமாக அறைக்குள் கிடந்து போனில் துப்பாக்கி விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தான். பொறுத்துப் பார்த்த தகப்பன் செபநாயகம் ஒருநாள் மீன் வெட்டும் கத்தியை எடுத்து இணைய வயரை அறுத்தார். அறைக்குள்ளிருந்து பாய்ந்து வந்த ஜெரிசன் குறுக்கே நின்ற தாயைத் தள்ளிவிட, அவள் அலுமாரிக் கண்ணாடியில் போய் விழுந்தாள்.

இரத்தத்தைக் கண்டதும் அவன் அப்படியே நிலத்தில் குந்திவிட்டான். "என்னை எங்கையெண்டாலும் கூட்டிக்கொண்டு போங்கோ அக்கா" என்று தமக்கை ஸ்ரெல்லாவிடம் அவன் சொன்னது அன்றைக்குத்தான்.

ஸ்ரெல்லா அங்கே இங்கே விசாரித்து, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், மனப் பிரச்சினைகளுக்கு ஆலோசனை சொல்லும் ஓர் உளவளத்துணை நிலையத்தில் நாள் எடுத்தாள். புதன்கிழமை காலை பத்து மணி. வீட்டாரில் ஒருவர் துணைக்கு வரவேண்டும் என்றார்கள்.

யார் போவது? செபநாயகத்துக்கு அந்த மாதிரி இடங்களில் வாய் வராது. லூர்த்தம்மா அழுதுவிடுவாள். ஸ்ரெல்லா படிப்பிக்கும் முன்பள்ளிக்கு அன்று மேற்பார்வைக்கு ஆட்கள் வருகிறார்கள். ஆகவே எல்லாருடைய கண்ணும் போய் நின்றது அவளுடைய கணவன் றெஜினோல்ட்டில்.

அதில் ஒருவருக்கும் மறுப்பில்லை. றெஜினோல்ட் மயிலிட்டியில் ஓர் ஐஸ் தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். குடிப்பதில்லை. சத்தம் போட்டுக் கதைப்பதில்லை. வங்கி, அரசாங்கக் கச்சேரி என்று அந்த வீட்டில் எழுத்து வேலை எதுவானாலும் அவன்தான். மாசி மாதம் மாமனாரின் வள்ளத்து எஞ்சின் திருத்த முடியாதபடி பழுதானபோது, புது எஞ்சின் வாங்கச் சேர்த்த காசையும் அவன் கையில்தான் கொடுத்தார்கள். கொழும்பில் சொல்லி வைத்திருக்கிறது, சாமான் இன்னும் வரவில்லை என்று அவன் சொன்னதையும் நம்பினார்கள். அது வருமட்டும் செபநாயகம் இன்னொருவருடைய வள்ளத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.

அவன் கொழும்பில் ஒருவரிடமும் எதுவும் சொல்லி வைக்கவில்லை என்பது போன அத்தியாயத்தில் நமக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் காசு போன் வழியாகப் பந்தயத்தில் போயிற்று. லூர்த்தம்மாவின் சோடிக் காப்பும் அதற்காகத்தான் அடைவுகடையில் ஈடு வைக்கப்பட்டது. காப்பைக் காணவில்லை என்றதும் வீட்டார் சந்தேகப்பட்டது ஜெரிசனை. யாரும் அவனை நேரே கேட்கவில்லை. அலுமாரியைப் பூட்டித் திறப்பை மட்டும் வேறிடத்தில் ஒளித்து வைத்தார்கள்.

*

புதன்கிழமை காலை றெஜினோல்ட் கிணற்றடியில் நின்று, ஒரு கையால் பல்லைத் தீட்டிக்கொண்டு மற்றக் கையால் போனைப் பார்த்தான்.

ஒரு காலத்தில் தேவாலயப் பங்கு அணிக்கு முதல் ஆளாய் இறங்கி அடித்தவன் அவன். கிறிக்கெட் தெரியும் என்ற நம்பிக்கையில்தான் பந்தயத்தில் கை வைத்தான். இப்போது கிறிக்கெட் இல்லாத நேரத்திலும் கை சும்மா இருப்பதில்லை. அன்று காலை அவன் காசு வைத்திருந்தது எந்த நாட்டிலோ நடந்த ஒரு மேசைப்பந்துப் போட்டியில். ஆடுகிற இரண்டு பேரின் பெயரையும் அவனால் சரியாக வாசிக்கக்கூட முடியவில்லை.

தோற்றுவிட்டது. வாயைக் கொப்பளித்துவிட்டு, பத்தரைக்குத் தொடங்கும் ஒரு கிறிக்கெட் மச்சில், முதல் ஆறு ஓவரில் எத்தனை ஓட்டம் என்பதில் வைத்தான்.

ஒன்பதரைக்கு மோட்டார் சைக்கிளை எடுத்தார்கள். ஜெரிசன் வெயிலுக்குள் வந்து எத்தனையோ நாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பின் கம்பியை இறுக்கிப் பிடித்தபடி இருந்தான். பலாலி வீதியில் ஒரு பஸ் உரசினாற்போல முந்திக்கொண்டு போனபோது, அவன் அத்தானின் சேட்டுத் துணியைப் பிடித்துக்கொண்டான். கம்பஸ் வாசலடியில் பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். எல்லாம் அவன் வயதுதான். மோட்டார் சைக்கிள் கடந்து போனபிறகும் அவன் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

நிலையம் ஒரு மாடி வீட்டின் மேல்தளத்தில் இருந்தது. உளவளத்துணையாளர் அஸ்மியாவுக்கு முப்பது வயது இருக்கலாம். சோனகதெரு முஸ்லிம் குடும்பம். தாய் தகப்பன் தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லாரோடும் வெளியேற்றப்பட்டுப் போக, அவள் புத்தளத்தில் பிறந்து வளர்ந்து, பிறகு அவர்களோடு திரும்பி வந்தவள். பேச்சில் இரண்டு ஊரும் கலந்திருந்தது.

துணைக்கு வந்தவர் உள்ளே இருக்கலாம், வெளியிலும் இருக்கலாம், அது தம்பியின் விருப்பம் என்றாள்.

"அத்தான் இருக்கட்டும்," என்றான் ஜெரிசன்.

தன்னை நம்பித்தான் சொல்கிறான் என்று றெஜினோல்ட் நினைத்துக்கொண்டான்.

அஸ்மியா ஒரு தாளைப் பார்த்துப் பார்த்துக் கேட்டாள். காலையில் கண் திறந்ததும் முதல் நினைப்பு அதுதானா? ஓம். நிற்பாட்டப் பார்த்ததுண்டா? இரண்டு தரம். எத்தனை நாளுக்கு? ஒரு தரம் நாலு நாள், மற்றத் தரம் அரை நாள். அந்த நாட்களில் எரிச்சல் வந்ததா? கை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தது. எவ்வளவு நேரம் விளையாடினீர்கள் என்று வீட்டில் கேட்டால் குறைத்துச் சொல்வதுண்டா? வீட்டில் கேட்பதையே விட்டுவிட்டார்கள் என்றான் ஜெரிசன்.

பக்கத்துக் கதிரையில் இருந்த றெஜினோல்ட்டுக்கு ஒவ்வொரு கேள்விக்கும் தன்னுடைய மறுமொழி தன்பாட்டில் வந்துகொண்டிருந்தது. அவன் நாலு தரம் நிற்பாட்டியிருக்கிறான். பெரிய வெள்ளியன்று அந்தச் செயலியைப் போனிலிருந்து அழித்தான். உயிர்த்த ஞாயிறுப் பூசை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில், வாசல் படலைக்கு முன்னால் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, திரும்ப ஏற்றினான்.

காற்சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மச் தொடங்கிவிட்டது.

விளையாட்டுக்குள் என்ன இருக்கிறது என்று அஸ்மியா கேட்டபோதுதான் ஜெரிசன் நிமிர்ந்து இருந்தான். நாலு பேர் ஓர் அணி. ஒருவன் மட்டக்களப்பு, ஒருவன் மலேசியா, ஒருவன் கனடாவில் பண்டகசாலை வேலைக்காரன். ஒருவரை ஒருவர் கண்டதில்லை. ஆனால் அவன் வராமல் மற்ற மூன்று பேரும் தொடங்கமாட்டார்கள். எந்தப் பக்கத்தால் போவது, எங்கே ஒளிப்பது எல்லாம் அவன்தான் சொல்வான்.

"வீட்டிலை நான் எழும்பேல்லை எண்டு ஏசுவினம்," என்றான். "அங்கை நான் வரேல்லை எண்டு தேடுவினம்."

அஸ்மியா அதை அப்படியே எழுதிக்கொண்டாள். பிறகு தாளைத் திருப்பினாள். வீட்டிலிருந்து காசோ நகையோ எடுத்ததுண்டா என்று கேட்டாள்.

ஜெரிசன் மறைக்கவில்லை. ஒரு தரம், விளையாட்டுக்குள் ஒரு துப்பாக்கி வாங்க, அம்மாவின் பேர்சிலிருந்து ஆயிரம் ரூபா எடுத்ததாகச் சொன்னான்.

"வேற?"

"அம்மாடை காப்பைக் காணேல்லை. நான் எடுத்தனான் எண்டு வீட்டிலை நினைக்கினம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னை ஒருதரும் கேக்கேல்லை."

அஸ்மியா துணைக்கு வந்தவரின் பக்கம் திரும்பினாள். வீட்டில் எப்படி நினைக்கிறார்கள் என்று கேட்டாள். றெஜினோல்ட் பையிலிருந்த போனைக் கையால் மூடிக்கொண்டான். அது பற்றித் தனக்கு வடிவாகத் தெரியாது என்றான்.

ஜெரிசன் அவனைப் பார்க்கவில்லை. யன்னலைப் பார்த்தபடி கேட்டான்.

"மிஸ், எனக்குத் தெரிஞ்ச ஒராள் போனிலை பந்தயம் கட்டுறவர். மச்சுக்கு. அதுவும் இதுவும் ஒண்டோ?"

யாரைப் பற்றி என்று அஸ்மியா விசாரிக்கவில்லை. பேனையை வைத்துவிட்டு ஆறுதலாக விளக்கினாள். இரண்டும் மூளையில் பிடிக்கிற இடம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அடுத்த முறை என்ன வரும் என்று தெரியாது, அதுதான் ஆளை எழும்ப விடாமல் வைத்திருக்கிறது. இரண்டையும் செய்து விற்கிறவர்கள், விட்டுவிட்டுப் போக மனம் வராதபடி பார்த்துப் பார்த்துத்தான் செய்கிறார்கள். இரண்டுமே ஒருவகை நோய்தான், இரண்டுக்கும் உதவி உண்டு என்றாள்.

ஆனால் வித்தியாசமும் இருக்கிறது. விளையாடுகிற பிள்ளையை வீடு கெதியாய்க் கண்டுபிடித்துவிடும். சாப்பிடமாட்டான், குளிக்கமாட்டான், கதவு சாத்தியிருக்கும். பந்தயம் கட்டுகிறவர் வேளைக்கு எழும்பி வேலைக்குப் போவார். எல்லாரோடும் இருந்து சாப்பிடுவார். எல்லாம் முடிந்த பிறகுதான் வீட்டுக்குத் தெரியவரும்.

"இன்னொண்டும் இருக்கு," என்றாள். "விளையாடுற ஆள் அங்கேயே இருக்கோணும் எண்டு ஆசைப்பட்டுப் போறார். பந்தயம் கட்டுற ஆள் கொஞ்ச நாளில அதுக்குள்ள இருந்து வெளியில வாறதுக்காகத்தான் திரும்பத் திரும்ப உள்ள போறார். விட்ட காச எடுத்தா நிப்பாட்டிடலாம் எண்டு."

றெஜினோல்ட் தன்னை அறியாமல் வாய் திறந்தான்.

"அப்பிடி விட்டதை எடுத்துப்போட்டு ஆரும் நிப்பாட்டியிருக்கினமோ?"

அஸ்மியா அவனைச் சற்று நேரம் பார்த்தாள்.

"நான் கண்ட ஆக்கள்ல ஒருத்தரும் இல்ல," என்றாள்.

பிறகு ஜெரிசனுக்குச் செய்யவேண்டியவற்றைச் சொன்னாள். ஒரேயடியாக விடவேண்டாம், நேரத்தைக் குறைத்துக்கொண்டு வருவோம். பின்னேரம் ஆறு மணிக்குப் போனை அக்காவிடம் கொடுத்துவிட வேண்டும். அடுத்த புதன் திரும்ப வரவேண்டும். எழும்பும்போது ஒரு சின்ன அட்டையில் தன்னுடைய இலக்கத்தை எழுதி ஜெரிசனிடம் கொடுத்தாள். இன்னோர் அட்டையிலும் அதே இலக்கத்தை எழுதி, றெஜினோல்ட்டிடம் நீட்டினாள்.

*

திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்தார்கள். ஜெரிசன் பசிக்கிறது என்று சொன்னதைக் கேட்டு றெஜினோல்ட்டுக்கு ஆச்சரியமாக இருந்தது. வாழைப்பழம் பிசைந்து பொரித்த வாய்ப்பன் இரண்டும் தேத்தண்ணியும் சொன்னான். சொல்லிவிட்டு மேசைக்குக் கீழே போனைப் பார்த்தான்.

வென்றிருந்தது. மனதுக்குள் ஒன்று துள்ளியது. தேத்தண்ணி வருவதற்கிடையில் அது அடங்கி, விரல் அடுத்ததைத் தேடிக்கொண்டிருந்தது.

"வெண்டதோ, தோத்ததோ?" என்று கேட்டான் ஜெரிசன்.

றெஜினோல்ட் போனைக் கவிழ்த்து வைத்தான். கடைக்காரர் வாய்ப்பன் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

பிறகு ஜெரிசன் சொன்னான். ஈஸ்டர் கழிய அத்தான் கண்ணாடி மாற்றச் சொல்லித் தன்னிடம் போனைத் தந்தாராம். மாற்றிவிட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது பந்தயக் கொம்பனியிலிருந்து செய்தி மேல் செய்தியாக வந்ததாம். அதற்கு நடுவில் அடைவுகடையிலிருந்தும் ஒன்று வந்தது. காப்பு ஒரு சோடி, வட்டி கட்டும் நாள் இன்னது என்று.

"அண்டைக்கே ஏன் சொல்லேல்லை?"

"ஆர் நம்புறது? அதோடை அக்கா தாங்கமாட்டா." வாய்ப்பனைப் பிய்த்தான். "அந்த நேரம் எனக்கு அதெல்லாம் பெரிசாத் தெரியவுமில்லை அத்தான். ஏழு மணிக்கு ஆட்டம் இருந்தது."

எஞ்சின் காசும் போய்விட்டதா என்று கேட்டான். றெஜினோல்ட் தலையை மட்டும் ஆட்டினான். ஜெரிசன் கண்ணை மூடித் திறந்தான். அது அவனுக்கு அதுவரை தெரியாது.

"ஒண்டு கேக்கிறன். அப்பா வயரை அறுத்த அண்டைக்கே என்ரை போனுக்கு டேற்றா வந்தது. போட்டது நீங்கள்தானே?"

"ஓம்."

"ஏன்?"

இரக்கத்தில் என்றுதான் றெஜினோல்ட் இவ்வளவு நாளும் தனக்குச் சொல்லி வைத்திருந்தான். இப்போது அதைச் சொல்ல வாய் வரவில்லை. மேசையில் கொட்டிக் கிடந்த சீனியை விரலால் ஒதுக்கினான்.

"நீ அறைக்குள்ளை கிடக்குமட்டும் எல்லாரும் உன்னைத்தான் பாத்துக்கொண்டிருப்பினம்," என்றான். "என்னை ஒருதரும் பாக்கமாட்டினம்."

ஜெரிசன் கோபப்படுவான் என்று காத்திருந்தான். அவன் கோபப்படவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்தான்.

"விளையாட்டிலை செத்தால் அடுத்த ஆட்டத்திலை எனக்குத் திரும்ப நூறு புள்ளி உயிர் இருக்கும்," என்றான். "வெண்டவனுக்கும் நூறுதான், செத்தவனுக்கும் நூறுதான். உங்களுக்கு அப்பிடி இல்லை. தோத்த இடத்திலையிருந்துதான் துவங்கவேணும்." சற்றுப் பொறுத்து, "எனக்கும் வெளியிலை அப்பிடி இல்லைத்தான். அம்மாடை கை இருக்கு," என்றான்.

எழும்பும்போது ஒன்றே ஒன்று கேட்டான். தான் யாரையும் காட்டிக் கொடுக்கமாட்டான். ஆனால் காப்பைத் தான் எடுக்கவில்லை என்பது அம்மாவுக்குத் தெரியவேண்டும். எப்படிச் சொல்வது என்பது அத்தானின் விருப்பம்.

*

ஸ்ரெல்லா முன்பள்ளியால் வந்து குசினியில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். மேற்பார்வைக்கு வந்தவர்கள் நல்லபடியாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். முகத்தில் களைப்பும் சந்தோசமும் இருந்தது. தம்பிக்கு எப்படி, அந்த மிஸ் என்ன சொன்னவ என்று அடுக்கிக் கேட்டாள்.

றெஜினோல்ட் சொன்னான். ஆறு மணிக்குப் போனை வாங்கி வைக்கவேண்டும் என்றதையும், அடுத்த புதன் போகவேண்டும் என்றதையும் சொன்னான். சொல்லி முடிந்த பிறகும் குசினி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஏன் நிக்கிறியள்? வேலைக்குப் போகேல்லையோ?"

"மாமியின்ரை காப்பை ஜெரிசன் எடுக்கேல்லை," என்றான். "நான்தான் எடுத்தனான்."

ஸ்ரெல்லாவின் கை நின்றது. பிறகு மறுபடி உரிக்கத் தொடங்கியது. அவன் பந்தயத்தைப் பற்றிச் சொன்னான். எப்போது தொடங்கியது என்று அவள் கேட்டாள். இரண்டு வருடம் என்றான். ஆறு வருடக் கலியாணத்தில் இரண்டு வருடம் என்று அவள் மனதுக்குள் எண்ணுவது அவனுக்குத் தெரிந்தது. அவள் ஏசவில்லை, அழவுமில்லை. கேட்டது ஒன்றுதான்.

"தம்பிக்குத் தெரியுமோ?"

"ஓம். ரெண்டு மாசமாத் தெரியும்."

அதற்குத்தான் அவள் உடைந்தாள். கையில் இருந்த இறாலைச் சட்டியில் போட்டுவிட்டு, முழங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"நான் என்ரை தோட்டைக் கழட்டி அரிசி வாளிக்குள்ளை ஒளிச்சு வைச்சனான்," என்றாள். "அவன் கண்டவன். நான் ஒளிக்கிறதை அவன் பாத்துக்கொண்டு நிண்டவன்."

றெஜினோல்ட்டுக்கு இன்னும் சொல்லவேண்டியது இருந்தது. எஞ்சின் என்ற சொல் வாய்க்குள் வந்தும்விட்டது. ஆனால் ஸ்ரெல்லா கையைக் கழுவிக்கொண்டு தம்பியின் அறைக்குப் போய்விட்டாள்.

ஜெரிசன் போனில்லாமல் கூரை மோட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். ஆறு மணிக்குத் தரவேண்டியதை மத்தியானமே கொண்டுபோய்த் தமக்கையின் தையல் பெட்டிக்கு மேல் வைத்திருந்தான். ஸ்ரெல்லா கட்டில் கால்மாட்டில் இருந்தாள். மன்னிப்புக் கேட்க எண்ணித்தான் போனாள்.  அவனுடைய காலைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவன், "இறால் குழம்போ அக்கா?" என்று கேட்டான்.

அன்று மத்தியானம் அவன் குசினிக்கு வந்து எல்லாரோடும் இருந்து சாப்பிட்டான்.

*

செபநாயகம் கரையிலிருந்து வரும்போது ஐந்தரை மணி. விறாந்தைக் கதிரையில் இருந்து, தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்தார். ஸ்ரெல்லா தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு, தாயையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, காப்பு விசயத்தைச் சொன்னாள். கணவனைப் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டுத்தான் சொன்னாள்.

லூர்த்தம்மா தையல் தழும்பைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எழும்பி, படியில் இருந்த மகனிடம் போய், அவனுடைய தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்தாள். அவள் மருமகனைப் பார்க்கவில்லை.

செபநாயகம் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தார். வயரை அறுத்த நாளிலிருந்து அவருக்குத் தன்னுடைய கோபத்தில் ஒரு பயம் பிடித்திருந்தது. அதனால் இப்போதெல்லாம் ஒன்றைக் கேட்டால், அதை விழுங்கிவிட்டுத்தான் வாய் திறக்கிறார்.

"தம்பி," என்றார் றெஜினோல்ட்டைப் பார்த்து. "நீர் செய்தது பிழை. ஆனால் வாய்விட்டுச் சொன்னீரே, அது சின்ன விசயமில்லை. காப்பை மெல்ல மெல்ல மீட்கலாம். இனி அந்தப் பக்கம் போகாதையும்."

அதோடு முடிந்திருக்கலாம். அவர் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு, மனதில் இருந்த இன்னொன்றையும் சொன்னார்.

"நான் இவனைத்தான் நினைச்சுப் பயந்தனான். எஞ்சின் காசை வீட்டிலை வைச்சால் இவன் எடுத்துப்போடுவான் எண்டுதான் உம்மடை கையிலை தந்தது." கோப்பையைக் கீழே வைத்தார். "அது எப்ப வருமாம்? சோளகக் காத்துக் காலம் முடிய முதல் வந்தால் நல்லது."

ஸ்ரெல்லா கணவனைப் பார்த்தாள். அவனுடைய முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

றெஜினோல்ட்டுக்குச் சொல்ல எத்தனையோ இருந்தன. கப்பல் பிந்துகிறது, அடுத்த மாதம், விலை கூடிவிட்டது. எல்லாம் முன்பு சொல்லிப் பழகியவை, வாய்க்குள் வரிசையாக வந்து நின்றன. வென்ற காசு போனில் கிடந்தது. அதைக் கொண்டு இன்னும் நாலு மச் கட்டினால் பாதியாவது தேறும் என்ற நினைப்பும் அந்த நேரத்திலும் வந்தது. அப்படி ஒரு நினைப்பு அப்போதும் தனக்கு வந்ததுதான் அவனை உலுக்கியது.

"எஞ்சின் வராது, மாமா," என்றான்.

செபநாயகத்துக்கு அது விளங்கவில்லை. "கொழும்பிலை இல்லையெண்டால் நீர்கொழும்பிலை விசாரிக்கலாம்தானே," என்றார்.

"நான் ஒருதரிட்டையும் சொல்லி வைக்கேல்லை. காசு இல்லை. காப்புப் போன வழியிலைதான் அதுவும் போச்சு."

தெருவில் ஓர் ஓட்டோ போகும் சத்தம் கேட்டு, தேய்ந்து மறைந்தது. செபநாயகம் தன்னுடைய இரண்டு கையையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு மாதமாக இன்னொருவனுடைய வலையை இழுத்த கைகள். பிறகு எழும்பி, துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, படலையைத் திறந்து கரைப் பக்கமாக நடந்தார். தேத்தண்ணி பாதியில் இருந்தது.

லூர்த்தம்மா அவரைக் கூப்பிட எழும்பினாள். ஜெரிசன் அவளை இருத்திவிட்டு, செருப்பைக் கொழுவிக்கொண்டு தகப்பனுக்குப் பின்னால் போனான். கிட்டவும் போகாமல், எட்டவும் நிற்காமல், பத்தடி தள்ளி நடந்தான். தகப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் சந்தி திரும்பும்போது அவருடைய நடை கொஞ்சம் மெதுவானது.

ஸ்ரெல்லா அவர்கள் மறையுமட்டும் படலையடியில் நின்று பார்த்தாள். பிறகு வந்து, தகப்பன் இருந்த கதிரையில் இருந்தாள்.

"இப்ப முழுக்கச் சொல்லுங்கோ," என்றாள். "ஒண்டும் விடாமல், முதலிலையிருந்து. கேட்டு முடிச்சுத்தான் நான் யோசிக்கவேணும், நீங்கள் இந்த வீட்டிலை இருக்கிறதோ இல்லையோ எண்டு."